குப்பைமேட்டில் கரைசலைத் தெளித்தால் பிளாஸ்டிக் மக்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு பிளாஸ்டிக் குப்பையை ஒழித்துவிடலாம் என்ற பொருளில் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நுண்ணுயிர்களைப் பற்றி எழுத ஒரு நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே எனக்கு மகிழ்ச்சிதான். கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கை, எந்த வெப்பநிலையில், எத்தனை நாளில், எந்த அளவுக்கு அந்தப் பாக்டீரியா சிதைத்தது என்ற நான்கு விவரங்களும் விடுபட்டுப் போனதால், படித்து முடிப்பவர் மனத்தில், குப்பைமேட்டின் மீது ஏதோ ஒரு கரைசலைத் தெளித்தால் போதும், அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லாம் மண்ணாகிவிடும் என்ற எண்ணமே தங்குகிறது. அந்த எண்ணத்தை விற்றுக் காசாக்கும் ஆட்கள் ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்பதால்தான் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற கோடையில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் வந்தார். கையில் ஐந்து லிட்டர் கேன். உள்ளே வெல்லப்பாகு வாடை வீசும் பழுப்புக் கரைசல். ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட மண் பாக்டீரியா இது என்றும், குப்பையில் தெளித்தால் 90 நாளில் பிளாஸ்டிக் உட்பட அனைத்தும் எருவாகிவிடும் என்றும் சொன்னார். சான்றாக, ஆளுயரக் குப்பைக்குவியல் ஒன்று முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருப்பதைக் கைப்பேசியில் படமாகக் காட்டினார். சங்கத்தின் செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன சார், வாங்கிடலாமா?" என்றார். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

ஜப்பானியக் கண்டுபிடிப்பு உண்மையானது. ஒசாகாவை அடுத்த சகாய் நகரில், பழைய பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்றின் அருகே எடுக்கப்பட்ட மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா அது. ஊரின் பெயரையே சேர்த்து இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று பெயரிட்டார்கள். மண், சேறு, கழிவுநீர் என 250 மாதிரிகளைச் சலித்துப் பார்த்த பிறகே அது கிடைத்தது. 2016 மார்ச்சில் ஆய்வு வெளியாயிற்று. அந்தப் பாக்டீரியா இரண்டு நொதிகளை, அதாவது என்சைம்களை, சுரக்கிறது: முதலாவது பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியை வெட்டித் துண்டாக்குகிறது, இரண்டாவது அத்துண்டுகளை மேலும் உடைத்து டெரெப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் பிரிக்கிறது, அவற்றைப் பாக்டீரியா உணவாக்கிக்கொள்கிறது. ஆனால் அது தின்றது பெட் எனப்படும் தண்ணீர் பாட்டில் வகைப் பிளாஸ்டிக்கை மட்டுமே. அதிலும் கடைப் பாட்டிலை அப்படியே கொடுக்கவில்லை. மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்படாத, இளகிய அமைப்புள்ள மெல்லிய தகட்டைக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில், 30 டிகிரி வெப்பத்தில், ஏறத்தாழ ஆறு வாரத்தில் அத்தகடு சிதைந்தது. பாட்டில் செய்யும்போது பிளாஸ்டிக்கை இழுத்து ஊதுவதால் அதன் மூலக்கூறுகள் படிகம் போல இறுகிவிடுகின்றன. அந்த இறுக்கத்துக்குள் நொதி நுழைவது பெரும்பாடு.

ஏன் பெட் மட்டும் என்ற கேள்விக்குத் தாவரவியல் படித்தவர்களால் சுலபமாகப் பதில் சொல்ல முடியும். இலையின் மேல்தோலைக் கையால் தடவினால் ஒரு வழவழப்புத் தெரிகிறதே, அதற்குக் காரணமான பூச்சில் கியூட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறுகளை இணைப்பது எஸ்டர் எனப்படும் பிணைப்பு. பெட் பிளாஸ்டிக்கை இணைப்பதும் அதே எஸ்டர் பிணைப்புதான். இலை மண்ணில் விழத் தொடங்கிய காலத்திலிருந்தே அதை வெட்டப் பழகிய நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ளன. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் காலுக்கடியில் நொறுங்கும் தடித்த சருகைக்கூட அவை காலம் எடுத்தேனும் மண்ணாக்கிவிடுகின்றன. 1941 இல் இங்கிலாந்தில் பெட் உருவானபோது, அதற்கென்று தனியாக ஒரு கத்தியைப் பாக்டீரியா புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை, பழைய கத்தியைக் கொஞ்சம் சாணை பிடித்தால் போதுமானதாயிருந்தது. இன்று உலகில் மிக வேகமாக பெட்டைச் சிதைக்கும் நொதிகளுள் ஒன்று, ஜப்பானில் இலைதழைகளை மக்க வைத்த எருக்குவியலிலிருந்து கிடைத்தது என்பதை என் மாணவர்களிடம் சொல்ல முடியாமல் ஓய்வு பெற்றுவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

நம் சாக்கடையை அடைப்பது பாட்டில் அன்று, கேரி பேக். அது பாலிஎத்திலீன், 1933 இல் கண்டறியப்பட்டது. அதில் எஸ்டர் பிணைப்பே கிடையாது. கார்பனோடு கார்பன் கைகோத்து ஆயிரக்கணக்கில் நீளும் ஒரே சங்கிலி, நீர் ஒட்டாது, நுண்ணுயிர் உட்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிது. எந்த இடத்தில் வெட்டுவது என்று நொதிக்குப் பிடிபடாத பொருள். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் அச்சங்கிலியை ஆங்காங்கே துண்டித்துக் கொடுத்தால், அந்தச் சிறு துண்டுகளை மெழுகைத் தின்பது போலச் சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தின்னும் என்பது உண்மை. குப்பைமேட்டுக்குள் பத்தடி ஆழத்தில் வெயிலும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை.

இதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பணியில் இருந்த கடைசி ஆண்டில், 2019 ஆடி மாதத்தில், பிளஸ் டூ மாணவர்கள் சிலரோடு, தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் உள்ள என் தோட்டத்து எருக்குழியில் சில பொருள்களைப் புதைத்தோம்: பாக்கு மட்டைத் தட்டு, தேநீர் பேப்பர் கப், அரை லிட்டர் பால் பாக்கெட், சாதாரண கேரி பேக், தண்ணீர் பாட்டில், பச்சை எழுத்தில் 'மக்கும் பை' என்று அச்சிட்ட பை ஒன்று. அந்தப் பையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழியிலும் மறு பாதியை முள்வேலியில் வெயில்படும்படியும் விட்டோம். அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்துவிட்டது, மாணவர்களும் கல்லூரி, வேலை என்று பிரிந்துவிட்டார்கள். குழியை நான்கு ஆண்டு கழித்துத்தான் தோண்டினேன்.

பாக்கு மட்டை இருந்த இடமே தெரியவில்லை. பேப்பர் கப்பில் காகிதம் முழுவதும் போய், உட்பூச்சாக இருந்த பிளாஸ்டிக் படலம் மட்டும் பாம்புச் சட்டை போல, கப்பின் வடிவம் குலையாமல், உள்ளே மண்புழுக் கழிவு நிரம்பி நின்றது. கையில் எடுத்தபோது அதன் வழியாக என் விரல் ரேகை தெரிந்தது. காகிதக் கப் தானே என்று நாம் எல்லோரும் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோமே, அதன் உண்மை முகம் அதுதான். (பிளாஸ்டிக் பூசிய கப்புகளும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடையில் உள்ளவைதாம், தேநீர்க் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) பால் பாக்கெட்டைக் கழுவியதும் அதில் அச்சிட்டிருந்த தேதியை மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. பாட்டில் நசுங்கியிருந்ததே ஒழிய வேறு மாற்றமில்லை. கேரி பேக்கும், 'மக்கும் பை'யின் குழிக்குள் இருந்த பாதியும் கசங்கல் நீங்கலாக முழுசாக இருந்தன. வேலியில் கிடந்த பாதியோ இரண்டாம் கோடையிலேயே வெளுத்து, தொட்டால் பொரித்த அப்பளமாக நொறுங்கி, வேலியடியில் சில்லு சில்லாகக் கொட்டிக் கிடந்தது. சுண்டுவிரல் நக அளவுச் சில்லு ஒன்றில் 'க்கும்' என்ற பச்சை எழுத்து மட்டும் மிச்சம்.

அந்தப் பையைச் சிதைத்தது பாக்டீரியா அன்று, வெயில். அது மக்கவும் இல்லை, பொடிந்தது. வெயிலில் சீக்கிரம் உடைவதற்காக உலோக உப்புகளைக் கலந்து செய்யும் இவ்வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆம் ஆண்டு ஆணையின் மூலம் விலக்கி, 2021 ஜூலை முதல் சந்தைக்கு வரவொட்டாமல் தடுத்துவிட்டது. நுண்பிளாஸ்டிக்காகச் சிதறி மண்ணிலும் நீரிலும் கலப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கண்ணுக்குத் தெரியும் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத குப்பையாக மாற்றுவதற்கு நாம் பணம் கொடுக்கிறோம்.

இந்த விஷயத்தில் ஜப்பான் வரை போக வேண்டியதே இல்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன்பே நேர்மையான ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. பேராசிரியர் கதிரேசன் 2003 இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பாலித்தீன், அதாவது பாலிஎத்திலீன், பையையும் பிளாஸ்டிக் கப்பையும் அலையாத்தி மண்ணில் வைத்து 2, 4, 6, 9 மாதங்களில் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது மாத முடிவில் பாலித்தீன் பை அதிக அளவாக 4.21 சதவீதமும், கப் 0.25 சதவீதமும் சிதைந்திருந்தன. பிறகு அவற்றின் மேல் ஒட்டி வளர்ந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் குலுக்கிக்கொண்டே இருக்கும் குடுவையில் தனித்தனியே வளர்த்தபோது, ஒரே மாதத்தில் சூடோமோனாஸ் பாக்டீரியா பாலித்தீனை 20.54 சதவீதமும், ஆஸ்பெர்ஜில்லஸ் கிளாக்கஸ் என்ற பூஞ்சை 28.80 சதவீதமும் சிதைத்தன.

இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விற்பனைக்கு வருபவர் குடுவை எண்ணைத்தான் சொல்வார். குப்பைமேட்டுக்குப் பொருந்துவது, அதுவும் தாராளமாகக் கணக்கிட்டால், மண் எண்தான். ஒன்பது மாதத்துக்கு 4.21 சதவீதம் என்ற வேகம் சற்றும் குறையாமல் நீடிப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு பை முழுதும் தீரப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஆகும். கப் தீர முந்நூறு ஆண்டுகள். அலையாத்தி மண்ணோ உயிர் கொழிக்கும் மண். சதுப்பில் அழுகும் இலைகளால் நுண்ணுயிர்கள் பெருகிக் கிடக்கும் அந்த மண்ணிலேயே இதுதான் வேகம் என்றால், கட்டட இடிபாடும் டயரும் கலந்த குப்பைமேட்டில் என்ன எதிர்பார்க்க முடியும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. எடை குறைந்தது என்பதாலேயே பிளாஸ்டிக் மக்கியது என்று ஆகிவிடாது. பையைச் செய்யும்போது சேர்க்கும் மென்மையூட்டிகள், சாயங்கள், சங்கிலியாகாமல் நின்றுபோன சிறு மூலக்கூறுகள் ஆகியவை முதலில் கரைந்து போகும். அவற்றைத் தின்று கொழுத்த பாக்டீரியா எஞ்சியதைத் தொடாமலே நின்றுவிடவும் கூடும். நுண் துகளாக உதிர்ந்து சல்லடையில் நழுவியதும் எடைக்குறைவாகவே கணக்கில் வரும். ஆகவேதான் மக்கும் தன்மைக்கான உலகத் தரங்கள் எடையைக் கேட்காமல், பிளாஸ்டிக்கில் இருந்த கார்பன் கார்பன் டை ஆக்சைடாக வெளிவந்ததா என்று கேட்கின்றன. நம் நாட்டிலும் மக்கும் பைகளுக்குப் பொருந்தும் 17088 என்ற எண்ணுள்ள தரத்தின்படி, 180 நாளுக்குள் கார்பனில் 90 சதவீதம் அவ்வாறு வெளிவர வேண்டும்; அந்தச் சோதனையும் 58 டிகிரி வாக்கில் வெப்பம் காக்கும் தொழில்முறை எருக்கூடத்தின் சூழலில் நடப்பது, வீட்டு எருக்குழியில் நடப்பது அன்று. உண்மையான சான்று பெற்ற பையைக்கூட வாய்க்காலில் வீசினால் அது வெறும் பைதான்.

அப்படியானால் அந்த ஆளுயரக் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது எப்படி என்று கேட்கலாம். நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி காய்கறித் தோல், சோறு, மீன் செதில், பூமாலை, வாழைமட்டை. எந்தக் கரைசலும் இல்லாமல், மோரும் சாணமும் கலந்து தெளித்தாலே அது கொதித்து அடங்கி இறங்கும். குவியல் இறங்க இறங்க அதில் பிளாஸ்டிக்கின் விகிதம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. குப்பைமேடுகளில் இப்போது நடக்கும் பயோ மைனிங் பணியிலும் இதுவே நடக்கிறது. பழைய குப்பையை வரப்பு வரப்பாகக் கொட்டி, நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து, கிளறி, உலர்ந்த பின் சுழலும் சல்லடையில் சலிக்கிறார்கள். கரைசல் ஈரக் குப்பையை மக்கச் செய்து நாற்றத்தை அடக்குகிறது. சல்லடையில் தங்கும் பிளாஸ்டிக்கோ கட்டுக் கட்டாகக் கட்டப்பட்டுச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. தெளிப்பதைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் பாக்டீரியா தின்றுவிட்டது என்று நினைப்பது, பந்தியில் இலை எடுப்பவரைப் பார்த்துச் சமையல்காரர் என்று நினைப்பதைப் போன்றது.

பாக்டீரியா வழி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குரிய இடம் தொட்டி. எருக்குவியலில் கிடைத்ததாக மேலே சொன்ன நொதியைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் திருத்தியமைத்து, 72 டிகிரி வெப்பத்தில் பத்து மணி நேரத்தில் பெட் கழிவின் 90 சதவீதத்தை மூலப்பொருளாகப் பிரித்ததை 2020 இல் வெளியிட்டார்கள். 2022 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணினிக் கற்றல் முறையால் மாற்றியமைத்த நொதி 50 டிகிரியிலேயே வேலை செய்தது. பிரித்த மூலப்பொருளிலிருந்து மீண்டும் புதுப் பாட்டில் செய்யலாம் என்பதே இதன் பெருமை. ஆனால் பிரான்சு முறையில் பாட்டிலைத் தரம் பிரித்து, கழுவி, உருக்கிச் சட்டென்று குளிர்வித்து, மாவாக அரைத்த பிறகே தொட்டியில் இடுகிறார்கள். இத்தனையும் செய்ய முதலில் பாட்டில் தனியாக வந்து சேர வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் நிலைமை எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு வடிந்த பின், என் தோட்டத்து வேலி முழுவதும் சீப்பில் சிக்கிய முடி போலக் குப்பை தொங்கியது. கேரி பேக், பிஸ்கட் உறை, ஷாம்பு பொட்டலம், பால் பாக்கெட். தண்ணீர் பாட்டில் மட்டும் இரண்டே நாளில் காணாமல் போயிற்று. சாக்குப்பையோடு வந்த ஒரு அம்மாள் பொறுக்கிக் கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். பாக்டீரியா தின்னக்கூடிய பிளாஸ்டிக் எதுவோ, அதற்குக் காயலான் கடையில் விலை இருக்கிறது. விலையில்லாமல் வேலியிலும் வாய்க்காலிலும் உப்பனாற்று முகத்துவாரத்திலும் தங்குவது பாலிஎத்திலீனும், மூன்று நான்கு படலங்களை ஒட்டிச் செய்த பளபளப்பு உறைகளும். அவற்றை நெருங்கக்கூடிய நொதி எதுவும் இன்று விற்பனைக்குத் தயாராக இல்லை.

ஆய்வகத்தில் மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் திறந்த வெளியில் விட 1989 ஆம் ஆண்டு விதிகளின்படி மைய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் கேன் வியாபாரிகள் அறிந்திருந்தால் நல்லது. பாக்டீரியா வீட்டுத் தண்ணீர்க் குழாயையும் தின்றுவிடாதா என்று கூட்டத்தில் ஒருவர் கவலைப்பட்டார். குழாய் பி.வி.சி. பிளாஸ்டிக், அதிலும் எஸ்டர் பிணைப்பு இல்லை; அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

மண் பாக்டீரியாவை மண்ணிலேயே பயன்படுத்த வேண்டுமென்றால், அதற்கு நம் பகுதியில் பொருத்தமான இடம் குப்பைமேடு அன்று, வயல். தர்ப்பூசணிக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் பாத்திமீது விரிக்கும் மல்ச்சிங் ஷீட் இருபத்தைந்து, முப்பது மைக்ரான் கனமுள்ள பாலிஎத்திலீன். அறுவடை முடிந்து உருவும்போது அது கிழிந்து நாராகிப் பாதி மண்ணோடு போகிறது. மீதியை வரப்பில் குவித்துக் கொளுத்துகிறார்கள். கொளுத்தாமல் என்ன செய்வார்கள், மண் ஒட்டிய ஷீட்டை எந்தக் கடையும் வாங்காது. இதற்கு மாற்றாக, எஸ்டர் பிணைப்பு உள்ள, அதாவது மண் நுண்ணுயிர்களுக்குப் பழக்கமான பிணைப்பு உள்ள பி.பி.ஏ.டி. என்ற பிளாஸ்டிக்கில் ஷீட் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2018 இல் இந்தப் பிளாஸ்டிக்கின் கார்பனுக்கு அடையாளமிட்டு மண்ணில் இட்டுத் தொடர்ந்து பார்த்து, அக்கார்பன் கார்பன் டை ஆக்சைடாக வெளிவந்ததையும், ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலிலேயே சேர்ந்ததையும் காட்டினார்கள். கார்பன் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நேரான பதில் அது. அதே ஆண்டு வெளிவந்த ஐரோப்பியத் தரம், இத்தகைய ஷீட் சாதாரண மண் வெப்பத்தில் இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்கிறது.

விலை கூடுதல், உண்மைதான். சொட்டுநீருக்கு மானியம் தரும் அரசு இதற்கும் யோசிக்கலாம். அதற்கு முன், கடலூர் மாவட்டத்தின் செம்மண்ணிலும் கடலோர மணலிலும் புதுச்சேரி பாகூர்ப் பகுதியின் களிமண்ணிலும் இந்த ஷீட் எவ்வளவு காலத்தில் மக்குகிறது என்று வைத்துப் பார்க்க வேண்டும். முந்திரி ஒட்டுக்கன்றுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டை மையமும், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் முடியாத காரியமா இது? ஒட்டுக்கன்று வளர்க்கும் கறுப்பு நாற்றுப்பைகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டாலே போதும். நடும்போது கிழித்து எறியும் பைகள் முந்திரித் தோப்புகளில் எத்தனை கிடக்கின்றன என்று தங்கள் செய்தியாளர் ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இனி இப்பொருள் பற்றிச் செய்தி வெளியிடும்போது பிளாஸ்டிக்கின் வகை, வெப்பநிலை, நாள் கணக்கு, சிதைந்த அளவு ஆகியவற்றோடு, அந்த அளவு எடையால் கணித்ததா, வெளிவந்த கார்பன் டை ஆக்சைடால் கணித்ததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

கரைசலை வாங்க எண்ணும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சங்கங்களுக்கும் அவ்வளவு பெரிய ஆய்வகம் தேவையில்லை. இரண்டு டிரம்கள் போதும். கழுவி வெயிலில் நன்றாக உலர்த்திய கேரி பேக் ஒரு கிலோவை எடை போட்டு, துகளும் நழுவாதபடி நெருக்கமாக நெய்த வேட்டித் துணியில் தைத்து, ஒவ்வொரு டிரம்மிலும் எருவோடு புதைக்க வேண்டும். ஒன்றில் அவர்கள் சொல்லும் அளவில் கரைசல், மற்றொன்றில் வெறும் தண்ணீர். வாய்க்கட்டி முத்திரை வைத்து, 90 நாள் கழித்து எடுத்து, கழுவி, உலர்த்தி, மீண்டும் எடை. எடைக்குறைவு முழுமையான சான்று ஆகாது என்று மேலே சொன்னேன். ஆனால் எடையே குறையவில்லை என்றால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை அன்று வந்தவரிடம் செயலாளர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். டிரம்முக்குள் எங்கள் பாக்டீரியா வேலை செய்யாது, திறந்தவெளிக் குவியலில்தான் செய்யும் என்று பதில் வந்தது. வேறு யாரேனும் முன்வந்தால் என் தோட்டத்தில் இடம் இருக்கிறது. மளிகைக் கடைத் தராசு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.